‘பஸ் ஸ்டாண்ட் பத்தே நிமிடம்’: திருச்சி மாநகர்ச் சூழலில் வாடகைக்கு விடுதற்பொருட்டு வீடு வாங்கத்தக்க இடம் யாதெனும் ஓர் ஆய்வு

1. பாயிரம்

வாடகைக்கு விடுகிற மாதிரி ஒரு வீடு வாங்க வேண்டும், திருச்சியில் எந்தப் பக்கம் வாங்கலாம் என்னும் வினா, பணி ஓய்வுப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய மூன்றாம் நாள் தோன்றுவது. எனக்கும் அன்றே தோன்றிற்று. இப்பொருள் குறித்து இதற்குமுன் எவரும் முறையாக ஆராயவில்லை. (இந்த வாக்கியம் எல்லா ஆய்வேடுகளின் முதல் பக்கத்திலும் இருப்பதால் இங்கும் இடம்பெறுகிறது.)

ஆய்வின் எல்லை: மலைக்கோட்டை உச்சிப் பிள்ளையார் கோயிலில் நின்று பார்த்தால் கண்ணுக்கு எட்டும் தூரம். ஆய்வாளனுக்கு ஒரு கண்ணில் புரை என்பதால் சில பகுதிகள் மங்கலாகவே பேசப்படும். ஆய்வு முறை: கள ஆய்வு. அதாவது, புரோக்கரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போவது.

2. முன்னோர் கருத்துகள்

இத்துறையில் மூன்று மரபுகள் உள.

முதலாவது மைத்துனர் மரபு. மண்ணில் போட்ட காசு மண்ணாய்ப் போகாது என்பது இதன் மூல நூற்பா (மைத்துனர், வாய்மொழி, ஞாயிறு மதியம்). இம்மரபினர் தாம் எங்கும் மண் வாங்கியதில்லை. ஆகவே இவர்களிடம் நடுநிலை மிகுதி.

இரண்டாவது டீக்கடை மரபு. இது வடபெஞ்சு, தென்பெஞ்சு என இரு கிளையாகப் பிரிந்தது. பிளவுக்குக் கொள்கை வேறுபாடே காரணம் என்பர் சிலர். தென்பெஞ்சின் ஒரு கால் ஆடுவதே காரணம் என்பது என் துணிபு. பஞ்சப்பூர்ப் பக்கம் வாங்கு என்பது வடபெஞ்சு. அங்கே வாங்க வேண்டியவனெல்லாம் வாங்கி முடித்துவிட்டான் என்பது தென்பெஞ்சு (இரண்டாம் டீ, சர்க்கரை குறைவு, ஒப்புநோக்குக: கடன் டீ).

மூன்றாவது வாட்ஸாப் மரபு. இதன் ஆசிரியர் யாரெனத் தெரியவில்லை. சங்கப் பாடல் சிலவற்றுக்கும் ஆசிரியர் பெயர் தெரியவில்லை என்பதால் இதனைக் குறையாகக் கொள்ளலாகாது (குடும்பக் குழு, காலை வணக்க ரோஜாப் படத்துக்குப் பின்னும், சர்க்கரை நோய்க்குக் கொய்யா இலை சொன்ன சித்தப்பாவுக்கு முன்னும் வந்த செய்தி, பலமுறை அனுப்பப்பட்டது என்னும் முத்திரையுடன்).

3. நிலப் பகுப்பு

நிலத்தை ஐந்தாகப் பிரித்தே தீரவேண்டும். எதையேனும் ஐந்திணைக்குள் அடைக்காத கட்டுரையைப் பன்னாட்டுக் கருத்தரங்குகள் ஏற்பதில்லை. (பன்னாட்டுக் கருத்தரங்காவது, வந்தவர் அனைவரும் பக்கத்து மாவட்டத்தவராக, ஒருவர் மட்டும் மலேசியாவிலிருந்து இணையவழி வாழ்த்துச் சொல்ல, கட்டணம் கட்டியோர் கட்டுரை எல்லாம் ஐஎஸ்பிஎன் எண்ணோடு நூலாவது.) திருச்சியில் கடல் இல்லையே, நெய்தலுக்கு எங்கே போவது எனத் தளர வேண்டியதில்லை. 1977-இலும் 2005-இலும் வெள்ளத்தைப் பார்த்தவர்கள், நெய்தல் தானே நடந்து வீட்டுக்குள் வரும் என்பதை அறிவர்.

திருவரங்கம்: காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு. அடிமனை யாருடையது என்று கேட்பவர் பண்பில்லாதவர் ஆவார். கேட்காதவர் பணமில்லாதவர் ஆவார்.

தில்லைநகர்: டாக்டர்கள் வாங்கும் இடம். அடுத்தது காண்க.

பொன்மலை: ரயில்வே பணிமனை 1928 முதல் இங்கே. குவார்ட்டர்ஸ் கிடைத்தவர் வாடகைக்கு வாரார்.

திருவெறும்பூர், காட்டூர், துவாக்குடி: பெல் ஆலை இருக்கிறது, என்.ஐ.டி. இருக்கிறது. ஆலையில் ஓய்வு பெற்றவர் கீழே குடியிருந்து மாடியை வாடகைக்கு விடுவார். மாணவர் விடுதியில் தங்குவர். மாடியில் டூலெட் போர்டு தங்கும்.

கருமண்டபம், எடமலைப்பட்டி புதூர்: மேற்சொன்ன நெய்தல். கோரையாற்றைக் கேட்டு வாங்குக.

பஞ்சப்பூர்: புதிய பேருந்து முனையம் 2025-இல் திறந்தது. விலை அதற்குப் பல ஆண்டு முன்பே திறந்துவிட்டது.

ஐந்துக்கு ஆறு வந்துவிட்டது. மிகுந்ததைப் பெருந்திணையில் சேர்த்துக்கொள்க.

4. மூலபாடம்

தாய்ப்பத்திரம் மூல ஏடு. பின்வந்த கிரையப் பத்திரங்கள் அதன் படிகள். பட்டா உரை. மூலத்தில் இருக்கும் இரண்டு சென்ட் உரையில் காணாமற்போதல் உண்டு. அதனை ஏடெழுதினோர் பிழை என்று விட்டுவிடலாகாது. பக்கத்து மனைக்காரரின் காம்பவுண்டுச் சுவருக்குள் தேடுக.

தகுதி வழக்கு மூன்று: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. ‘வில்லங்கச் சான்று’ இம்மூன்றிலும் அடங்காது. உள்ளதை உள்ளபடியே பெயராகக் கொண்ட அரசு ஆவணம் அது. “அப்ரூவல் ஆயிடும் சார்” என்பது குழூஉக்குறி. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த அரசு வைத்த எல்லைநாள் 2016 அக்டோபர் 20. அதன்பின்னும் “ஆயிடும்” என்பவர் எதிர்காலத்தை இறந்தகாலத்தில் தேடுகிறார்.

5. நிமிடவியல்

இனி இவ்வாய்வின் உயிர்நாடிக்கு வருவோம். முன் இயல்களைப் படிக்காதோர் இதிலிருந்து தொடங்கலாம். நெறியாளரும் அப்படியே செய்தார்.

மனை விளம்பரங்களில் தூரம் கிலோமீட்டரில் சொல்லப்படுவதில்லை. கூப்பிடு தூரம், காதம் என்று அளந்த தமிழர், இடைக்காலத்தில் மைலையும் கிலோமீட்டரையும் கடன் வாங்கி, இன்று நிமிடத்துக்கு வந்து சேர்ந்துள்ளனர். அதிலும் ஒரே அளவுதான் வழக்கில் உள்ளது: பத்து. ஒன்பது நிமிடத்தில் எந்த மனையும் இல்லை. பதினொரு நிமிடத்தில் இருந்த மனை எதுவும் விற்பனைக்கு வந்ததாகச் சான்றில்லை.

“பஸ் ஸ்டாண்ட் பத்தே நிமிடம்” என்னும் தொடரை எடுத்துக்கொள்வோம். இதில் ‘பஸ் ஸ்டாண்ட்’ என்பது ‘பஸ் ஸ்டாண்டிலிருந்து’ என விரியும். எனவே ஐந்தாம் வேற்றுமைத்தொகை. நுணுகி நோக்கின், இஃது உருபும் பயனும் உடன்தொக்க தொகை. உருபு தொக்கது விளம்பரத்தில். பயன் தொக்கது வாங்கினவனுக்கு.

அன்றியும், எந்த பஸ் ஸ்டாண்ட்? சத்திரமா, மத்திய பேருந்து நிலையமா, பஞ்சப்பூர் முனையமா? 2025-க்கு முன் இரண்டில் ஒன்று என்றிருந்த ஐயம் இப்போது மூன்றில் ஒன்றாக வளர்ந்துள்ளது. ஆயினும் முனையம் இடம் மாறியபின் எந்த மனையின் பத்து நிமிடமும் மாறவில்லை. பூமியில் இவ்வளவு நிலையான அளவு வேறொன்று உண்டா என்பதை இயற்பியலார் ஆராய்க.

அடுத்து, ‘பத்து’ என்னாது ‘பத்தே’ என்றது எற்றுக்கு? ஏகாரம் ஐந்து பொருளில் வரும் என்றார் தொல்காப்பியர். இசைநிறையையும் சேர்த்து ஆறு என்றார் நன்னூலார். ‘பத்தே’ என்பதில் உள்ளது தேற்றமா என்றால், தேறியவர் யாருமில்லை. பிரிநிலையா என்றால், பணம் பிரிவது உண்மையேனும் அது பதிவு நாளில் நிகழ்வது. வினாவா என்றால், வினவியவரைப் புரோக்கர் இரண்டாம் முறை அழைத்துச் செல்வதில்லை. எனவே ஆறிலும் அடங்காத ஏழாவது ஏகாரம் ஒன்று உண்டெனக் கொள்ள வேண்டும். இதற்கு ‘விலையேற்ற ஏகாரம்’ என்று பெயரிடுகிறேன். பத்து நிமிடத்து மனையைவிடப் பத்தே நிமிடத்து மனைக்குச் சதுர அடி விலை கூடுதல் (மின்கம்ப நோட்டீஸ், மஞ்சள் தாள், பாதி கிழிந்தது. கிழிந்த பாதியில் தொலைபேசி எண் இருந்ததென்பர் வடபெஞ்சார். ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ என்று இருந்ததென்பர் தென்பெஞ்சார். அப்பகுதியை ஆடு தின்றதாகக் கேள்வி. மறைந்துபோன தமிழ் நூல்கள் பட்டியலில் இதனையும் சேர்க்க வேண்டுகிறேன், கரையான், கடல்கோள், ஆடு என்னும் வரிசையில்). ஏழாம் ஏகாரத்தைக் கண்டது நான். இதனினும் சிறியதைக் கண்டவர்கள் பெயருக்கு முன்னால் முனைவர் போட்டுக்கொண்டு திரிகிறார்கள்.

நிமிடம் மூவகைப்படும்.

அ) உரைப்போன் நிமிடம்: புரோக்கரின் பைக், ஞாயிறு காலை ஆறு மணி, சிக்னல் எல்லாம் தூங்கும் வேளை.

ஆ) காட்டுவோன் நிமிடம்: மனை விற்பவரின் ஏசி கார், குளிர்ந்த மோர், இடைவிடாத பேச்சு. இதில் காலம் தெரியாது. தெரியாமல் இருக்கவே மோர்.

இ) குடியிருப்போன் நிமிடம்: டவுன் பஸ், திங்கள் காலை எட்டரை, கையில் டிபன் பாக்ஸ். பஸ்ஸுக்குக் காத்திருப்பதும் இதனுள் அடங்கும்.

புதுக்கோட்டை சாலையில் விமான நிலையம் தாண்டி ஒரு மனையை மூன்று முறையிலும் அளந்தேன். முதல் முறை பதினான்கு நிமிடம். இரண்டாம் முறை இருபத்திரண்டு. மோர் இரண்டு டம்ளர். மூன்றாம் முறை ஐம்பத்தைந்து; அதில் நிறுத்தத்தில் நின்றது இருபத்தைந்து. மூன்றுக்கும் பெயர் பத்தே நிமிடம்தான் (கள ஆய்வுக் குறிப்பேடு, பஸ் டிக்கெட்டின் பின்புறம், பென்சில் எழுத்து, சட்டையோடு துவைக்கப்பட்டதால் ‘ஐம்பத்தைந்து’ என்பதை ‘ஐம்பத்தாறு’ என்று படிப்பாரும் உளர். சலவைக்கு முந்தைய பாடமே சிறந்ததென்பது இல்லாளின் பதிப்புக் கொள்கை. சலவைக்குப் பிந்தையதே தூயதென்பது அவர் தாயார் கொள்கை. இருவருக்கும் இதனால் பேச்சில்லை.)

இதற்காகப் புரோக்கரைக் குறை சொல்வது முறையன்று. தொல்காப்பியரின் காலத்தை ஆயிரம் ஆண்டு முன்னும் பின்னும் தள்ளிக்கொண்டிருக்கும் அறிஞர் நாட்டில், பத்து நிமிடத்தை நாற்பத்தைந்து நிமிடம் தள்ளியவரைத் தண்டிக்க முடியுமா?

‘சர்வதேச விமான நிலையம் அருகில்’ என்பதும் இவ்வியலைச் சார்ந்ததே. புதிய முனையக் கட்டடத்தை 2024 ஜனவரியில் திறந்தார்கள், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் திருச்சியில் குடியிருந்துகொண்டு தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்த் திரும்பும் வாடகைதாரரை இவ்வாய்வாளன் இதுவரை சந்திக்கவில்லை.

6. குடிக்கூலியார் இயல்

வீட்டுக்காரர் விரும்பும் குடிக்கூலியார் ஒரே வகையினர்: பேங்க் வேலை, கணவன் மனைவி இருவர் மட்டும், விருந்தாளி இல்லை, ஆணி அடிப்பதில்லை, மூன்று ஆண்டில் டிரான்ஸ்ஃபர். இவ்வினம் அருகிவருகிறது. எஞ்சியோர் மனிதர்கள்.

1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பதிய வேண்டும் என்கிறது அது. வேறு உடன்பாடு இல்லையேல் குடியிருப்புக்கு அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்றும் சொல்கிறது. ‘வேறு உடன்பாடு’ என்னும் சொற்றொடரில்தான் தமிழ்நாட்டின் அட்வான்ஸ் முழுவதும் குடியிருக்கிறது.

7. கணக்கியல்

இங்கு மட்டும் விளையாட்டில்லை. 60 லட்சத்துக்கு ஒரு வீடு. மாத வாடகை 15,000 என்று வைத்துக்கொள்வோம். முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். பத்திரத்தில் முழு விலையையும் காட்டினால் (காட்டுவோர் உளர் எனக் கேள்வி) 5.40 லட்சம். மொத்தம் 65.40 லட்சம். ஆண்டில் ஒரு மாதம் வீடு காலியாகக் கிடக்கும். ஒரு மாத வாடகை பெயிண்டிங்குக்குப் போகும். கைக்கு வருவது 1.50 லட்சம். போட்ட பணத்தில் 2.3 சதவீதம். சொத்து வரியும் புரோக்கர் கமிஷனும் மோட்டார் காயில் கட்டும் செலவும் இனிமேல்தான். வங்கி வைப்புநிதி இதைவிட அதிகம் தரும். வைப்புநிதிக்கு மோட்டார் கிடையாது. வருமான வரியில் வாடகைக்கு 30 சதவீதம் கழிவு உண்டு. அதற்கு முதலில் வாடகை வர வேண்டும்.

“ஆனா நிலம் ஏறும்” என்பார் மைத்துனர். ‘ஏறும்’ என்பது செய்யும் என்னும் வாய்பாட்டு வினைமுற்று. இம்முற்று தன்மையிலும் முன்னிலையிலும் வாராது என்பது இலக்கணம். அதாவது எனக்கும் உனக்கும் ஏறாது, படர்க்கைக்கே ஏறும். ஐம்பது ஆண்டுக் கவனிப்பில் இவ்விதிக்குப் புறனடை காணேன்.

8. முடிபு

வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் சால்வையும் பாதாம் பாலும் பெற்றபின் ஒரே ஒரு கேள்வி கேட்பது மரபு: “அப்ப நீங்க வாங்கினீங்களா?” வாங்கவில்லை. கருமண்டபத்தில் பன்னிரண்டு ஆண்டாக ஒரே வாடகை வீட்டில் இருக்கிறேன். என் வீட்டுக்காரர் பத்தே நிமிடத்தை நம்பி வாங்கியவர். இருபது நாள் டூலெட் போர்டு தொங்கி, அதன்பின் அவர் இறங்கி வந்த வாடகைக்குத்தான் நான் குடிவந்தேன்.

ஆகவே வாங்கவிருப்பவருக்கு ஒரு சொல். எந்தப் பக்கம் என்று மைத்துனரையும் பெஞ்சையும் கேட்குமுன், அந்த வீட்டிலிருந்து ஒரு திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு டவுன் பஸ்ஸில் கிளம்பிப் பாருங்கள். ஓர் அடைமழை நாளில் அந்தத் தெருவில் நின்று பாருங்கள். உங்கள் மகளை அங்கே குடிவைப்பீர்களா என்று யோசியுங்கள். வைப்பீர்கள் என்றால் வாங்குங்கள். வாடகைக்கு ஆள் தானே வரும். இந்த மூன்றையும் செய்ய ஒரு மழைக்காலம் போதும். பத்தே நிமிடத்தில் முடியாது.