மூலையப் பிடிலே, பேராண்டி!

ஏலே பேராண்டி, அந்தத் திரையில இருக்கது யாரு? நீயா! பந்தல்ல தொங்குத சுரைக்கான்னுல்லா நெனச்சேன்.

டி.என்.பி.எஸ்.சி.காரன் படம் 20 கேபியில இருந்து 50 கேபிக்குள்ள இருக்கணும்னுதானே கேட்டான்? கன்னத்தை இழுத்துக் காதுல கட்டிக்கிட்டு வான்னா கேட்டான்? காலங்காத்தால ஓடிப்போயி கோட்டூர்புரம் அண்ணா நூலகத்துல, சொந்தப் புத்தகம் படிக்குத கூடத்துல எடம் பிடிக்கத் தெரியுது. படத்துல பிடிக்க வேண்டிய எடம் தெரியலயே!

கேளு. ஃபோட்டோஷாப்புல கண்ட்ரோலும் டி-யும் சேத்து அமுக்கினா படத்தைச் சுத்தி ஒரு சட்டம் வருதா? அதுல எட்டுக் கைப்பிடி. நாலு மூலையில, நாலு பக்கத்து நடுவுல. பழைய பதிப்புல நடுவுல பிடிச்சு இழுத்தா ஆளு ஒண்ணு பூசணியாவான், இல்லன்னா பனைமரமாவான். மூலையப் பிடிச்சாத்தான் நீளமும் அகலமும் அண்ணந்தம்பியாச் சேந்து வளரும்.

அதுலயும் ஒரு குசும்பு உண்டு. பல வருசமா, மூலையப் பிடிச்சாலும் ஷிஃப்ட்டை அமுக்கிக்கிட்டு இழுத்தாத்தான் அளவு ஒத்துப்போவும். 2018 அக்டோபர்ல வந்த பதிப்புல அதைத் தலைகீழாக்கிட்டான். சும்மா இழுத்தாலே ஒத்துப்போவும். ஷிஃப்ட்டை அமுக்கினாக் கோணிப்போவும். பழக்கதோசத்துல அமுக்கினவன் படமெல்லாம் கோணிச்சு. மருமக வந்து அடுப்படியில டப்பாவை எடம் மாத்தி வச்ச கததான். உப்புப் பாயசம் குடிச்சவனுக்குல்லா அந்த அருமை தெரியும்.

எனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்னு முழிக்காதே. நீ நூலகத்துக்குப் போற நேரம் நான் பிளெக்ஸ் கடைக்குப் போறேன். ரெண்டு எடத்துலயும் படிப்புதான். எனக்கு டீயும் உண்டு.

அங்க ஒருத்தன் கட்டைவெரல் அளவுப் படத்தைக் கொண்டாந்து, பத்தடி பேனருக்கு இழுங்கான். இழுத்தா என்னாவும்? புதுசா வேணுங்குத புள்ளிக்கெல்லாம் கம்ப்யூட்டரு எங்க போவும்? பக்கத்துப் புள்ளிககிட்ட விசாரிச்சு, நடுவாந்தரமா ஒரு நெறத்தைப் பூசும். மாப்பிள்ளையப் பத்தி அக்கம்பக்கத்துல விசாரிச்சா என்ன சொல்லுவான்? “ஏதோ இருக்கான்”னு இழுப்பான். பேனர்ல மூஞ்சியும் அப்படித்தான், ஏதோ இருக்கும்.

அந்தக் காலத்துப் பேனர் ஓவியருக்கு அந்தக் கஷ்டமில்ல. 1957-ல ‘வணங்காமுடி’ படத்துக்கு மோகன் ஆர்ட்ஸ்காரங்க சிவாஜிக்கு 80 அடியில கட்-அவுட் நிறுத்தினாங்க. கையகலப் போட்டோ மேல கட்டம் போடுவாங்க, துணியில பெரிய கட்டம் போடுவாங்க, கட்டத்துக்குக் கட்டம் வரைவாங்க. போட்டோவுல தெரியாத இமைமுடிய அவங்க கண்ணே அறிஞ்சு வரையும். கம்ப்யூட்டருக்கு விசாரணைதான் தெரியும்.

எழுத்தும் சின்னமும்னா வேற கத. கோரல்டிராவுல அதைப் புள்ளியா வைக்காம, கோடும் வளைவுமாக் கணக்குல வச்சிருக்கான். அண்ணா சாலை நீளத்துக்கு இழுத்தாலும் பிசிறாது.

அடுத்தாப்புல, உங்கையெழுத்து. படுத்துல்லா கெடக்கு! 90 டிகிரி நிமித்து, குத்தமில்ல. புள்ளிக எடம் மாறி உக்காரும், நெறம் மாறாது. ஆனா மூணு டிகிரி திருப்பி ஒரு என்டரு, பொறவு ரெண்டு டிகிரி திருப்பி ஒரு என்டருன்னு போனே, ஒவ்வொண்ணுக்கும் மறுபடி அக்கம்பக்க விசாரணை. நாலாவது விசாரணையில கையெழுத்து தண்ணி பட்ட மையாயிரும். திருப்புதது, சுருக்குதது எல்லாத்தையும் அந்தச் சட்டத்துக்குள்ளயே முடிச்சிட்டு ஒரே தட்டு. அதுக்கு முன்னாடியே ஸ்மார்ட் ஆப்ஜெக்ட்டா மாத்திட்டேன்னா இன்னும் நல்லது. அது அசலை உள்ள பூட்டி வச்சிக்கிட்டு வெளிய வேசம் கட்டும்.

பொண்ணு வீட்டுக்கு ஒரு படம் அனுப்பினியே, ராசா! லிக்விஃபைய வச்சுத் தொப்பைய உள்ள தள்ளினே. பின்னால சன்னல் கம்பியும் கூடவே வளைஞ்சிருச்சு. பொண்ணோட தாத்தாவும் என்னை மாதிரி ஒரு கெழந்தாம்லே. ஒன் இடுப்பைப் பாக்க மாட்டாரு, சன்னலத்தான் பாப்பாரு. வளையக்கூடாத எடத்துல மொதல்ல மாஸ்க்கைப் பூசி உறைய வச்சிட்டுல்லா தொப்பையில கை வைக்கணும்?

உருவத்தை மாத்துதது லேசுன்னு நெனைக்காதே. நீ படிக்குத நூலகத்தையே எடுத்துக்கோ. 2010 செப்டம்பர் 15, அண்ணா பொறந்தநாள்ல தொறந்தாங்க. ஆட்சி மாறிச்சு. அடுத்த வருசம் நவம்பர்ல, இதைக் குழந்தைக ஆசுபத்திரியா மாத்தப் போறோம்னாங்க. ஐகோர்ட்டு தடை போட்டுச்சு. கண்ட்ரோல் இசட்! இல்லன்னா இன்னைக்கு நீ அங்க பொது அறிவு படிச்சிருக்க மாட்டே, சொட்டு மருந்துக்கு வரிசையில நின்னிருப்பே.

ஆக, நான் சொல்லுதது ரெண்டுதான். மூலையப் பிடி. மூலத்தை விடாதே. வைத்தியர் சொல்லுத மூலம் இல்லலே, அசல் படத்தைச் சொல்லுதேன். அதைத் தனியா எடுத்து வச்சிட்டு நகல்ல வேலையப் பாரு.

சரி, கிட்ட வா. கீழ முதியோர் சங்கத்துல என் படம் ஒண்ணு கேக்கான். மீசைய மட்டும் தனி லேயரா வெட்டி, மூலையப் பிடிச்சு, ஒரு விரக்கடை… ம், போதும். ஆச்சிகிட்ட மட்டும் காட்டிராதே. அவ அசலைப் பாத்தவ.