மந்திர மரைக்கால்

வீரமுனையில் மாயக்கதைக்காரரை அடையாளம் காண்பது லேசு. தேத்தண்ணிக் கடையில் எல்லோரும் வட்டை, வெள்ளாமை, உரவிலை என்று பேச, இவர் மட்டும் சீ.ஆர். கொப்பியில் சட்டம் எழுதிக்கொண்டிருப்பார். நாவலின் முதல் அத்தியாயம் இன்னும் பிறக்கவில்லை. மந்திரப் பொருளுக்கான விதிகளோ கொப்பியை நிறைத்துவிட்டன.

பொருள், அள்ள அள்ளக் குறையாத ஒரு மரைக்கால். சம்மாந்துறைக் காக்கா ஒருவர் பிளேன்டீயை வைத்துவிட்டுக் கேட்டார்: "அப்ப நெல்லு விலை விழுந்திருமே தம்பி?" அன்றிரவே ஏழாம் விதி பிறந்தது: மரைக்கால் போயாவில் மட்டும் சுரக்கும். மறுநாள் காக்கா விடவில்லை: "போயாவுக்கு மில்லு பூட்டு. நெல்ல எங்க குத்திற?"

எட்டாம் விதி.

இதில் பெரிய தலைகளும் தப்பியதில்லை. டோல்கீனின் 'ஹாபிட்' 1937இல் வந்தபோது அதிலிருந்த மோதிரம் ஆளை மறைக்கும், அவ்வளவுதான். பிறகு அதையே உலகத்தை ஆட்டும் மோதிரமாக்க நினைத்தவர், 1951 பதிப்பில் ஓர் அத்தியாயத்தையே மாற்றி எழுதினார். பழைய கதை பில்போ விட்ட புளுகு என்று பழியைப் பாத்திரத்தின் தலையில் போட்டார். ஹாரி பொட்டர் கதையில் ரோலிங் 1999இல் காலத்தைப் பின்னோக்கித் திருப்பும் கருவியைக் கொண்டுவந்தார். அது இருந்தால் யாரைத்தான் காப்பாற்ற முடியாது? 2003இல் வந்த ஐந்தாம் நூலில், மந்திர அமைச்சில் வைத்திருந்த அந்தக் கருவிகளை ஒரு சண்டையில் சில்லுச் சில்லாக்கிவிட்டார்.

இவர்களோடு பார்த்தால் விக்கிரமாதித்தன் கதையில் வரும் மந்திரி பட்டி மகா கெட்டிக்காரன். விக்கிரமாதித்தனுக்கு அரியணையில் இருந்து ஆள ஆயிரம் வருஷம் வரம். பட்டிக்கோ இரண்டாயிரம் ஆயுள். நாடாறு மாதம், காடாறு மாதம் என்று பிரித்தான், கணக்கு நேரானது. ஒரே விதி, அதிலேயே ஓட்டை, அந்த ஓட்டைக்குள்ளிருந்து எத்தனை கதைகள்!

நம்மவரின் ஊர்க்கோயில் ஐதீகமும் அப்படித்தான். சீர்பாததேவியின் கப்பல் நடுக்கடலில் நின்றுவிடுகிறது. அடியில் பிள்ளையார். கப்பல் தட்டும் இடத்தில் கோயில் எழுப்புவதாக நேர்த்தி வைத்ததும் கப்பல் நகர்கிறது. எப்படி நகர்ந்தது என்று யாரும் பொறியியல் சொல்வதில்லை. என்ன நேர்த்தி என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். சிந்தாயாத்திரைப் பிள்ளையார் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டவர்தான் இவரும். ஆனாலும் மரைக்காலின் மரம், எடை, வாய் அகலம் எல்லாம் மூன்று பக்கம்.

கடைசியாக எழுதிய விதி: மரைக்காலை இரவல் கொடுத்தால் மாயம் போய்விடும்.

"அப்ப மச்சான்காரன் வந்து கேட்டா என்ன செய்வான்?" என்றார் காக்கா. எழுத்தாளர் பேனையை வைத்துவிட்டார். காக்கா அதை எடுத்து, கொப்பியின் கடைசித் தாளில் மச்சான்காரன் படலையைத் திறப்பதிலிருந்து எழுதத் தொடங்கினார்.