ஏரிச் சேற்றின் சாட்சி

கேள்வி: நூறு வருடத்துக்கு முன் சேர்வராயன் மலை மக்கள் சுவாசித்த காற்றில் என்ன கலந்திருந்தது என்று இப்போது கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். விடை அங்குள்ள ஏற்காடு என்ற ஊர்ப்பெயரிலேயே இருக்கிறதே, ஏரியும் காடும்! ஏரியடிச் சேறு வருடாவருடம் படியும் நாட்குறிப்பு. தூர் வாராத இடத்தில் குழாய் இறக்கினால், கீழே தாத்தா காலத்துத் தூசு; மேலே, 2000-இல் இந்தியாவில் ஒழிந்த ஈயப் பெட்ரோலின் புகை. 22 ஆண்டில் பாதியாகும் ஈயம்-210 அடுக்கின் வயதைச் சொல்லும். 1963 வாக்கில் உச்சம் தொட்ட அணுகுண்டுச் சோதனையின் சீசியம் அடையாளக் கோடு போடும்.

ஆனால் 'ஏன்' என்று சேறு பேசாது. 1820 வாக்கில் சேலம் கலெக்டர் காக்பர்ன் காபி கொண்டுவந்ததையும், அடிவாரத்தில் வெள்ளைக்கல் வெட்டியதையும் பழைய ஆவணங்கள்தான் சொல்லும். இரண்டு சாட்சியும் ஒத்துப்போனால்தான் வழக்கு நிற்கும். அதனால் எந்த ஏரியைத் தூர் வாரினாலும், முதலில் ஒரு குழாய்ச் சேற்றைப் பத்திரப்படுத்துங்கள்!