கேட்டைப் பற்றிக் கேட்டவை

போன இதழில் ஒரு பதிலில் 'எங்கள் தெருவில் கேட் போட்டிருக்கிறார்கள்' என்று எழுதிவிட்டேன். பக்கத்து வீட்டுக்குப் புது இரும்பு கேட் வந்ததைச் சொன்னேன். ரயில்வே கேட்டை மூடிவிட்டார்கள் என்று நினைத்து ஒரு வாசகர் மூன்று கிலோமீட்டர் சுற்றிக்கொண்டு போனாராம். தவறு அவருடையதல்ல. வீட்டில் கேட் போட்டால் புதிதாக வந்தது என்று பொருள், தண்டவாளத்தில் கேட் போட்டால் அடைத்தாயிற்று என்று பொருள். அன்றிலிருந்து தபாலில் கேட்டைத் தவிர வேறு பேச்சில்லை.

'கேட்' என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் சொல்லுங்கள்.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், குளித்தலை

எந்த கேட்டுக்கு? கோயிலுக்கு வாயில், வீட்டுக்கு வாசல், தோட்டத்துக்குப் படல், கோட்டைக்குக் கவுனி, காளை பாய்ந்து வர வாடிவாசல், பெருமாள் கோயிலில் ஏகாதசிக்குச் சொர்க்கவாசல், பெரிய கதவுக்குள்ளேயே குனிந்து நுழைய ஒரு திட்டிவாசல். இவ்வளவு இருந்தும், வெல்டிங் பட்டறைக்குப் போய் "ஆறடியில் ஒரு வாயில் வேண்டும்" என்று சொல்லிப் பாருங்கள். "யார் வாயில்?" என்பார்.

'வாயில்' என்ற சொல்லில் 'வாய்' ஏன் வந்தது?
— கல்லூரி மாணவி, கரூர்

வீட்டுக்கு வாய் அதுதானே! 'இல்வாய்' என்பதுதான் முன்பின்னாகத் திரும்பி 'வாயில்' ஆயிற்று. இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டாக உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கும், 'முன்றில்' பக்கத்தில். ஆனால் பாடப் புத்தகம் அதிகம் பேசாத இன்னொரு வாயில் இருக்கிறது. பரத்தையர் வீட்டுக்குப் போய்வந்த தலைவன் நேரே உள்ளே நுழைந்துவிட முடியாது. பாணனையோ தோழியையோ முன்னால் அனுப்பித் தலைவியின் கோபத்தை அளந்து பார்ப்பான். அப்படித் தூது போகிறவருக்கே 'வாயில்' என்றுதான் பெயர். 'போய் வா' என்று தலைவி திருப்பி அனுப்பினால் அதற்கு 'வாயில் மறுத்தல்'. மரத்திலும் இரும்பிலும் கேட் செய்தவர்கள் உலகமெங்கும் உண்டு. மனிதரையே கேட்டாக நிறுத்தியது நம் அகத்திணை. இன்றைக்கும் உங்கள் தம்பி பைக் வேண்டும் என்பதை அம்மா 'வாயிலாக'த்தானே அப்பாவிடம் கேட்கிறான்?

எங்கள் வீட்டுக் கேட்டை மாற்றினால்தான் நல்லது நடக்கும் என்கிறார் வாஸ்துக்காரர். மாற்றலாமா?
— வாசகர், பொள்ளாச்சி

எந்தக் கேட்டை? ஆங்கில கேட்டுக்கும் தமிழ்க் கேட்டுக்கும் 'ஐ' உருபு சேர்ந்துவிட்டால் வேறுபாடு தெரியாது. இரும்புக் கேட்டையா, வந்த கேட்டையா? வீட்டில் யாருக்காவது கேட்டை நட்சத்திரமா என்றும் விசாரித்துவிடுங்கள், அதை மாற்ற முடியாது. அதற்கு முன்னால் ஒன்று: அவர் எவ்வளவு கேட்டார்?

சென்னையில் யானைகவுனியில் யானையும் இல்லை, கவுனியும் இல்லை. பிறகு எதற்கு அந்தப் பெயர்?
— சௌகார்பேட்டை வாசகர்

கவுனி இருந்தது. 1758-59இல் பிரெஞ்சுப் படை வந்து முற்றுகையிட்டுப் போன பிறகு, கும்பினியார் புத்தி வந்து கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் எழுப்பினார்கள். அதில் வைத்த வாசல்களில் ஒன்றுதான் எலிபன்ட் கேட். மதிலுக்கான செலவை ஊரார் தலையில் வரியாகக் கட்டவும் திட்டமிட்டார்கள். மதில் வரி என்பதைத்தான் நாம் இன்னும் வால்டாக்ஸ் ரோடு என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். யானை போய்விட்டது, வால் மட்டும் சிக்கிக்கொண்டு நிற்கிறது.

கேட்டே இல்லாத இடத்துக்கு கேட் என்று பெயர் வைப்பது நம் ஊரில் மட்டும்தானா?
— அதே சௌகார்பேட்டை வாசகர் (விடமாட்டார் போலிருக்கிறது)

இங்கிலாந்தில் யார்க் நகரத்துக்குப் போய்ப் பாருங்கள். 866இல் அதைப் பிடித்த வைக்கிங்குகளின் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. அதனால் அங்கே ஸ்டோன்கேட், மிக்கிள்கேட் எல்லாமே தெருக்கள். மிக்கிள்கேட்டுக்குப் 'பெரிய தெரு' என்று பொருள். அந்தத் தெருக்கோடியில் நிஜமாகவே ஒரு கோட்டைவாசல் நிற்கிறது, அதற்குப் பெயர் மிக்கிள்கேட் பார். தெருவுக்கு கேட், கேட்டுக்கு பார், பாருக்கு பப் என்று அந்த ஊர்க்காரர்களே சொல்லிச் சிரிப்பார்கள். மதுரைத் தெற்குவாசலிலும் தஞ்சைக் கீழவாசலிலும் காய்கறி வாங்குகிற நாம் அவர்களைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

கதவே இல்லாத கேட் உண்டா?
— ஆறாம் வகுப்பு, தென்காசி

டெல்லி இந்தியா கேட் ஒன்று, மும்பையின் கேட்வே ஆஃப் இந்தியா ஒன்று. மும்பைக் கதை இன்னும் வேடிக்கை. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்து இறங்கியதன் நினைவாகக் கட்டியது அது. அவர் வந்தபோது பார்த்தது அட்டையில் செய்த மாதிரியை மட்டும். கட்டி முடிக்க 1924 ஆனது. 1948 பிப்ரவரி 28இல் கடைசி பிரிட்டிஷ் படைப்பிரிவு அதன் வழியாகத்தான் கப்பலேறியது. வரவேற்கக் கட்டியது, வழியனுப்பத்தான் உதவியது. கதவு இருந்திருந்தால் அன்றைக்குச் சாத்தியிருக்கலாம்.

எந்த ஊழல் நடந்தாலும் பத்திரிகைகள் பின்னால் ஒரு 'கேட்' ஒட்டுகின்றனவே?
— வங்கி ஊழியர், விருதுநகர்

வாஷிங்டனில் வாட்டர்கேட் என்று ஒரு கட்டடம். 1972 ஜூன் 17 விடியற்காலை அங்கிருந்த ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் புகுந்தார்கள். கதவு பூட்டிக்கொள்ளாமல் இருக்கத் தாழ்ப்பாளில் டேப் ஒட்டியிருந்தது. காவலாளி பார்த்தார், பிய்த்துப் போட்டார். மறுபடி வந்து பார்த்தால் மறுபடி டேப்! போலீசுக்கு போன் செய்தார். தோண்டத் தோண்ட விவகாரம் மேலிடம் வரை போய், 1974 ஆகஸ்ட் 9இல் அதிபர் நிக்சன் பதவியை விட்டே போனார். இரண்டாவது டேப்பை ஒட்டாமல் இருந்திருக்கலாம்.

கட்டடத்தின் பெயரில் தற்செயலாக வந்த 'கேட்' அன்றிலிருந்து ஊழலின் குடும்பப் பெயராகிவிட்டது. நம் நிலக்கரி ஊழல் 2012இல் பற்பசை மணத்தோடு 'கோல்கேட்' ஆனது. 2018இல் கேப்டவுனில் ஆஸ்திரேலியர்கள் பந்தை உப்புத்தாளால் தேய்த்தார்கள், அதுவும் ஒரு 'கேட்'. நல்லவேளை, அந்தக் கட்டடத்துக்கு 'லட்சுமி நிவாஸ்' என்று பெயர் இல்லை. 'நிலக்கரி நிவாஸ்' என்று சொன்னால் யாருக்குக் கோபம் வரும்?

கிரிக்கெட் வர்ணனையில் 'கேட் வழியாக போல்டு' என்கிறார்களே, மைதானத்து கேட்டா?
— இல்லத்தரசி, நெய்வேலி

மட்டைக்கும் காலில் கட்டிய பேடுக்கும் நடுவே விடுகிற இடைவெளிதான் அந்த கேட். பந்து அனுமதி கேட்காமல் புகுந்துவிடும். உங்களுக்கு ஒரு கொசுறு: 'விக்கெட்' என்றாலே சின்ன கேட், நம் திட்டிவாசல். தொடக்கத்தில் இரண்டு குச்சி நட்டு மேலே ஒரு குறுக்குக்குச்சி வைத்ததும் சிறு வாசல் போலத்தான் இருந்தது. 1775இல் லண்டனில் லம்பி ஸ்டீவன்ஸ் வீசிய பந்து மூன்று முறை இரண்டு குச்சிக்கும் நடுவே புகுந்து போயிற்று, குச்சி அசையவில்லை, ஆடியவரும் அவுட் இல்லை. அதற்குப் பிறகுதான் நடுக்குச்சி வந்தது. ஆகவே 'மூன்று திட்டிவாசல் சாய்ந்தது' என்று வானொலியில் சொன்னால் பிழையில்லை. கேட்கத்தான் ஆளிருக்காது.

என் மகன் கேட் தேர்வுக்குப் படிக்கிறான். 'நேண்ட் கேட்' என்று ஏதோ சொல்கிறான். புரியவில்லை.
— தாய், திண்டுக்கல்

மூன்று மணி நேரத்தில் 65 கேள்வி, 100 மதிப்பெண். அந்த கேட் திறக்க இந்த கேட் தெரிய வேண்டும், பாவம். கணினிக்குள் மின்சாரம் 'ஆம், இல்லை' சொல்கிற வாசல்கள் உண்டு. அப்பா, அம்மா இருவரும் சரி சொன்னால்தான் சுற்றுலா என்பது ஆண்ட் கேட். யாராவது ஒருவர் சொன்னால் போதும் என்பது ஆர் கேட். எது சொன்னாலும் எதிர்ப்பேச்சு என்பது நாட் கேட், வயது பதினைந்து. பெற்றோர் இருவரும் ஒருமனதாகச் சரி சொன்ன வரனை மட்டும் வேண்டாம் என்கிறவர் இருக்கிறாரே, அவர்தான் நேண்ட் கேட். அதை மட்டும் வைத்தே மற்ற எல்லா கேட்டையும் கட்டிவிடலாம் என்கிறது மின்னணுவியல். மகனுக்குப் பெண் பார்க்கும்போது நினைவில் வையுங்கள்.

டோல்கேட்டே இல்லாத ஆட்சி வருமா?
— லாரி உரிமையாளர், நாமக்கல்

வந்துபோய்விட்டது. 1070இல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பட்டப்பெயர். 2021 பிப்ரவரியிலிருந்து ஃபாஸ்டேக் கட்டாயம். அது தவிர்க்கவில்லை, நின்று சண்டை போடும் நேரத்தைத்தான் மிச்சப்படுத்துகிறது.

எதிர்வீட்டு கேட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்று போர்டு. ஆறு மாதமாகப் பார்க்கிறேன், ஒரு நாயும் இல்லை.
— வாசகி, மயிலாடுதுறை

போர்டுக்குச் சோறு போட வேண்டாமே!