இறங்கி ஏறும் ஆவடி

ஆவடி ஸ்டேஷனில் ஒரு பெட்டியிலிருந்து இறங்கி அடுத்த பெட்டியில் ஏறுவது எங்களுக்குப் பழக்கம்தான். எங்கள் எம்.எல்.ஏ.க்களுக்கும் அப்படியே.

2016-ல் மாஃபா பாண்டியராஜன் பள்ளிக் கல்வி அமைச்சரானார். 2017 பிப்ரவரியில் அ.தி.மு.க. பிளந்தபோது ஓ.பி.எஸ். பக்கம் போனதில் பதவி போச்சு. ஆகஸ்ட்டில் இரு அணியும் சேர்ந்ததும் திரும்பி வந்தார். பழைய நாற்காலியில் செங்கோட்டையன் இருந்தார். இவருக்குத் தமிழ் வளர்ச்சியும் தொல்லியலும்.

2021-ல் சா.மு.நாசர், பால்வளம். அம்பத்தூரிலேயே ஆவின் பண்ணை இருக்கிறதே, பொருத்தம்தான் என்றார் டீக்கடைக்காரர், பால் பாக்கெட்டின் முனையைப் பல்லால் கடித்தபடி. 2023 மே மாதம் நாசரை இறக்கிவிட்டு, பாலை மனோ தங்கராஜிடம் கொடுத்தார்கள். 2024 செப்டம்பரில் அவரை இறக்கி, நாசரை ஏற்றினார்கள். பால் அல்ல, சிறுபான்மையினர் நலம். பால் ராஜகண்ணப்பனுக்குப் போய், 2025 ஏப்ரலில் மறுபடி மனோவிடமே வந்தது.

234 பேர் சபையில் முதல்வரோடு சேர்த்து 35 பேருக்குத்தான் அமைச்சரவையில் இடம் என்கிறது அரசியல் சட்டம். இறங்கி ஏறுவதற்கு அதில் கணக்கு எதுவும் இல்லை.