கழிவறை இடவியல்: ஒரு முன்னாய்வு

1. ஆய்வுப் பொருள்

தமிழ்நாட்டு வீடுகளில் குளியலறையும் கழிவறையும் ஏன் இருக்கும் இடத்தில் இருக்கின்றன என்பதே கேள்வி. வீட்டுக்காரர் மேஸ்திரியைக் கைகாட்டினார்; மேஸ்திரி இன்ஜினியரை; இன்ஜினியர் வாஸ்துக்காரரை. வாஸ்துக்காரர் திசையைக் கைகாட்டினார். ஆதலால் சுவர்களே இவ்வாய்வின் முதன்மைச் சான்றுகள்.

2. வரலாறு

முன்பு கழிவறை கொல்லைக் கோடியில் இருந்தது. 1775இல் அலெக்சாண்டர் கம்மிங் வளைகுழாய் வைத்த கழிப்பறைக்கு லண்டனில் காப்புரிமை பெற்றார். வளைவில் தேங்கும் தண்ணீர் வாடையை மறித்ததால், கழிவறைக்கு வீட்டுக்குள் வரும் தகுதி கிடைத்தது. உள்ளே வரலாம் என்பதுதான் அதன் பொருள். சாப்பாட்டு மேசைக்கு எதிரே வந்து உட்காரலாம் என்பதல்ல.

3. வகைப்பாடு

அ) பந்தி எதிர்முக வகை: உள்ளே ஃபிளஷ் இழுப்பதும் வெளியே ரசம் ஊற்றுவதும் ஒரே முகூர்த்தத்தில் நிகழும். விருந்தாளி வெளியே வரும்போது இலையில் இருக்கும் அத்தனை பேரும் அப்பளத்தை ஆராய்வார்கள்.

ஆ) படிக்கட்டடி வகை: தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2.1 மீட்டர் உயரமாவது வேண்டும் என்கிறது. மாடிப்படி அதைப் படித்ததில்லை. கமோடு எப்போதும் தாழ்ந்த பக்கத்திலேயே அமையும். எழும்போது குனிந்தே எழ வேண்டுமாதலால், பணிவு தானாக வளரும்.

இ) எதிர்ச்சரிவு வகை: தண்ணீர் தரை வடிகாலான நானி டிராப்பைப் புறக்கணித்து வாசற்படியை நோக்கி நடக்கும். டிராப்போ நீர் வரத்தின்றிக் காய்ந்துபோய், கம்மிங் அடைத்த வாடையை மீண்டும் திறந்துவிடும்.

ஈ) வெளி சுவிட்ச் வகை: விளக்கின் ஆட்சி வெளியே நிற்பவர் கையில். வீட்டில் சிறுவர் இருந்தால் உள்ளிருப்பவர் இருட்டில் பேச்சுவார்த்தை நடத்த நேரிடும்.

4. மிச்சக் கோட்பாடு

வாஸ்துப்படி பூஜையறைக்கு ஈசானிய மூலை, அடுப்புக்கு அக்னி மூலை, பெரிய படுக்கையறைக்குக் கன்னி மூலை. எஞ்சிய வாயு மூலை கழிவறைக்கு. ஆனால் அடுக்ககத்தில் கழிவுக் குழாய் கீழ்வீட்டிலிருந்து நேராக மேலேறுகிறது. அதற்குத் திசை தெரியாது. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் ஒரு துண்டு மிஞ்சுகிறது. குளியலும் கழிப்பும் சேர்ந்த அறைக்குக் கட்டட விதித்தொகுப்பு கேட்பது 2.8 சதுர மீட்டர், அகலம் 1.2 மீட்டர். மிஞ்சிய துண்டில் அது அடங்காதபோது, கதவு கமோடில் இடிக்கிறது. எனவே சூத்திரம்: குளியலறை = வீடு – மற்ற அறைகள். அதை யாரும் தவறாக வரைவதில்லை. யாரும் வரைவதே இல்லை.

5. பரிந்துரை

பிளானில் கையெழுத்துப் போடுமுன் குளியலறைக்கு மிஞ்சிய அளவைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, நடுவே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பாருங்கள். முழங்கால் கோட்டைத் தாண்டினால் பிளானைத் திருப்பிக் கொடுங்கள். டைல்ஸ் ஒட்டியதும் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். அது டிராப்பைத் தேடிப் போய்ச் சேரும்வரை மேஸ்திரிக்குப் பாக்கியைக் கொடுக்காதீர்கள்.