விரலா, பேட்டரியா? கோட்டுகால் கல்யாணி பற்றி ஓர் ஆராய்ச்சி

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒரே ஒரு கேசட். டி.டி.கே. சி-90; பக்கத்துக்கு 45 நிமிஷம். அட்டையில் நீல மையில் ‘மாண்டலின் – கல்யாணி – நல்லது’ என்று எழுதியிருக்கிறது. எந்த ஊர்க் கச்சேரி, எந்த வருஷம், மிருதங்கம் யார், தவில் யார் என்று ஒரு விவரமும் கிடையாது. ஓலை எழுதியவர்கள்கூடக் கடைசி ஏட்டில் நாளும் நட்சத்திரமும் தங்கள் பெயரும் சேர்த்து முடிப்பது வழக்கம். நம் கேசட்காரர் தீர்ப்பை மட்டும் எழுதிவிட்டுச் சாட்சியை விட்டுவிட்டார்.

இந்தக் குறையிலிருந்துதான் நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் ஒரு துறையே கிளம்பியது. கடல் பக்கம் கோட்டுகால். எல்லைப் பக்கம் பாறசாலை. இரண்டு ஊரிலும் இந்தக் கல்யாணி ராகப் பதிவின் பிரதி உண்டு. இரண்டு ஊரிலும் அதைப் பற்றி ஒரு சித்தாந்தம் உண்டு. வாசித்தவர் மாண்டலின் ஸ்ரீனிவாஸ் என்பதில் மட்டும் சண்டையில்லை. அந்தக் கமகம் இன்னொரு கைக்கு வராது என்று இரு கட்சியும் சத்தியம் செய்கின்றன. சண்டையெல்லாம் வேகத்தைப் பற்றி. அந்த அசுர வேகம் ஸ்ரீனிவாஸின் விரலிலிருந்து வந்ததா, பதிவுசெய்த டேப் ரிக்கார்டரின் செத்துப்போன பேட்டரியிலிருந்து வந்ததா?

கேள்வியின் கனம் தெரிய, ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உப்பலபு ஸ்ரீனிவாஸ் 1969-இல் ஆந்திராவின் பாலகொல்லுவில் பிறந்தவர். ஆறு வயதில் அப்பாவின் மாண்டலினை எடுத்தார். குரு ருத்ரராஜு சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது. அவர் பாடுவார், பையன் அதைக் கம்பியில் திருப்பிச் சொல்வான். பாடத்தை வாயிலிருந்து கைக்கு நேராக ஏற்றியதால்தான் அந்த வாத்தியம் பேசியது என்பது என் முடிவு, எதிர்ப்பவர்கள் வரலாம். 1978-இல் குடிவாடாவில் முதல் கச்சேரி, ஒன்பது வயதில். 1981-இல் சென்னை. 1983-இல் பெர்லின் ஜாஸ் விழா. அப்போது வயது பதினாலு.

இதில் தொழில்நுட்பச் செய்தி ஒன்று உண்டு. சாதாரண மாண்டலினில் நாலு ஜோடிக் கம்பி, ஆக எட்டு. தட்டினால் கணீரென்று ஒலித்து உடனே அடங்கிவிடும். கல்யாணியின் காந்தாரத்தை அசைத்து நிறுத்த அதற்கு மூச்சுப் போதாது. எனவே இவர் ஜோடியை ஒழித்து ஒற்றைக் கம்பிகளாக்கி, ஐந்தாவதாக ஒன்றும் சேர்த்து, உள்ளே பொள்ளல் இல்லாத கட்டை உடம்பில் பூட்டி, கரண்ட் கொடுத்து ஆம்ப்ளிஃபையரில் ஒலிக்கவிட்டார். வடிவத்தில் மாண்டலின், வம்சத்தில் எலெக்ட்ரிக் கிடார். பக்கத்தில் தவிலையும் உட்காரவைத்துக்கொண்டார். ராக் இசைக்கு இதைவிட நெருங்கிய உறவு திருவாங்கூர்ப் பக்கத்துக் கோயில் மேடைகளில் வந்ததாக எனக்குத் தெரியவில்லை.

நேர் எதிர்த் திசையில் இன்னொருவர் வந்தார். ஜான் மெக்லாஃப்ளின் மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் காது கிழிய எலெக்ட்ரிக் கிடார் வாசித்தவர். பிறகு கரண்டை அணைத்துவிட்டு, எல். சங்கர், ஜாகிர் ஹுசைன், விக்கு விநாயக்ராம் ஆகியோருடன் ‘சக்தி’ குழுவில் தரையில் உட்கார்ந்தார். கமகம் கிடைக்கட்டும் என்று கிடாரின் விரல்பலகையை மெட்டுகளுக்கு இடையே குழி தோண்டிச் செதுக்கவைத்தார். ஒருவர் கமகத்துக்காகக் கரண்டைத் துறந்தார். ஒருவர் அதே கமகத்துக்காகக் கரண்டைத் தேடிப் போனார். இருவரும் பின்னாளில் ‘ரிமெம்பர் சக்தி’ மேடையில் சந்தித்தபோது யார் யாருக்கு வழிவிட்டார் என்பது பாறசாலையில் தனி ஆய்வு. அதில் நான் தலையிடப் போவதில்லை.

இனிப் பண்டமாற்று. கச்சேரிப் பதிவுக்குக் காசு வாங்குவது பாவம். இது எழுதப்படாத சட்டம். உலகெங்கும் இதே சட்டம்தான். அமெரிக்காவில் கிரேட்ஃபுல் டெட் குழுவின் ரசிகர்கள், ஜெர்ரி கார்சியாவின் கிடாரைப் பிடித்துவைக்கப் படையாக மைக்கோடு வந்து நின்றார்கள். 1984-இல் அந்தக் குழுவே அவர்களுக்கென்று அரங்கில் தனி இடம் ஒதுக்கியது. வெறும் கேசட்டும் தபால் செலவும் அனுப்பினால் பிரதி வரும். காசு கேட்டால் ஊர்விலக்கு. எங்கள் ஊரில் தபாலுக்குப் பதில் களியக்காவிளை பஸ் ஸ்டாண்ட். தமிழ்நாட்டு பஸ்ஸில் வந்தவர் இறங்கி, கேரள பஸ் ஏறும் இடைவெளியில், வாழைக்குலைக்கும் வைக்கோல் லாரிக்கும் நடுவே சரக்கு கைமாறும். செக்போஸ்டில் பையைத் துழாவுபவர்கள் தேடியது வேறு. ‘மாண்டலின் – நல்லது’ என்ற அட்டையைப் பார்த்து வரி போட எந்தச் சட்டத்திலும் இடமில்லை.

பரிமாற்ற விகிதத்தை வகுப்பது கடினம். ஒரு நல்ல தோடிக்கு இரண்டு சுமாரான மோகனம் என்பது பொது விதி. ‘வேறு யாரிடமும் இல்லை’ என்ற சொல் விழுந்துவிட்டால் விதி தூள். அப்போது ஒலி கேட்கிறதா என்றுகூட யாரும் கேட்பதில்லை. பதிவின் மதிப்பு அதன் தெளிவுக்கு எதிர்விகிதத்தில் ஏறும்: நன்றாகக் கேட்டால் அது ரேடியோவிலிருந்து எடுத்தது, யாரிடமும் இருக்கும். இரைச்சலுக்குள் காதை விட்டுத் துழாவி எடுக்க வேண்டியதாக இருந்தால்தான் நேரே சபையில் பிடித்தது.

ஆகவே அறிஞர்கள் ராகத்தைவிட இரைச்சலை அதிகம் படிக்கிறார்கள். கோட்டுகால் கல்யாணியில் ஆலாபனை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் ஒரு குழந்தை அழுகிறது. பிறகு மைக்குக்குப் பக்கத்தில் ஒரு குரல், தாழ்ந்து, மிகத் தெளிவாக: “சாரே, காப்பி.” காப்பி ராகத்தைச் சொல்கிறாரோ என்று மயங்கியவர் ஒருவர் உண்டு, அவரைத் துறையை விட்டு நீக்கியாகிவிட்டது. அடுத்து டம்ளர் கீழே வைக்கும் ஓசை. பாறசாலைப் பிரதியில் குழந்தை உண்டு, காப்பியும் உண்டு. டம்ளர் மட்டும் இல்லை. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது உ.வே. சாமிநாதையர் ஏடு ஏடாக ஒப்பிட்டாரே, அதே முறைதான் இங்கும். இரண்டு பிரதியில் ஒரே பிழை இருந்தால் இரண்டுக்கும் ஒரே தாய். பாறசாலை ஏடு, படியெடுத்த ஏட்டைப் படியெடுத்தது. மெல்லிய டம்ளர் ஓசை ஒவ்வொரு படியிலும் ஏறும் சரசரப்பில் அமுங்கிப்போயிருக்கிறது. எனவே கோட்டுகால் ஏடே மூத்தது. இந்த முடிவைப் பாறசாலை இன்றுவரை ஏற்கவில்லை. “டம்ளர நீங்க பின்னால சேத்ததாக்கும்” என்பது அவர்கள் வாதம். இடைச்செருகல் என்று இதற்குப் பெயர், கம்பனுக்கே நேர்ந்தது.

45-ஆம் நிமிஷத்தில் எல்லாப் பிரதியிலும் ஒரு பள்ளம். பக்கம் மாற்றக் கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பிப் போட்ட நேரம். கல்யாணி பஞ்சமத்தைத் தாண்டி மேலே ஏறுகிற சமயம் பார்த்து நாடா தீர்ந்திருக்கிறது. அந்தச் சில நொடியில் ஸ்ரீனிவாஸ் வாசித்ததுதான் அவர் வாழ்நாளின் உச்சம் என்று இரு கட்சியும் ஒருமனதாக நம்புகின்றன. அறியப்பட்ட ஒரே உடன்பாடு இது.

வேகச் சர்ச்சைக்கு வருவோம். கோட்டுகால் கட்சி பௌதிகத்தின் பக்கம். கேசட் நாடா நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் ஓட வேண்டும். பவர் கட் பயத்தில் பேட்டரி போட்டுப் பதிவு செய்கிறார்கள். பேட்டரி இறங்க இறங்க மோட்டார் தளரும். நாடா மெதுவாக ஓடும். அதையே வீட்டில் முழுக் கரண்டில் போட்டால் நாடா சரியான வேகத்தில் ஓடும். அதில் பிடிபட்ட வாசிப்போ கால் தெறிக்க ஓடும். சுருதியும் கூடவே ஏறும். இரண்டு கட்டையில் வாசித்தது இரண்டரையாகக் கேட்டால், வேகம் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு கூடியிருக்கிறது என்று அர்த்தம். கணக்கில் தப்பில்லை. “இது எவரெடி வாசிச்ச கல்யாணி ஓய், பையனுக்கு இதில பங்கு கொறவாக்கும்” என்று கோட்டுகாலில் ஒரு பெரியவர் சொன்னபோது கூட்டத்தில் பெருமூச்சு எழுந்தது.

பாறசாலை கட்சி பக்தியின் பக்கம் என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. அவர்களிடமும் ஆதாரம் இருந்தது. “அப்பிடியெண்ணா தவிலுக்க சத்தமும் கீச்சுண்ணு கேக்கணும்லா? அந்தக் கொழந்த எலி மாதிரி அழணும்லா? ரெண்டும் சரியாத்தான இருக்கு. பையனுக்க வெரலாக்கும் ஓடுது.” அழுகிற குழந்தையின் சுருதியை அளவுகோலாகக் கொண்ட இந்த முறை இசை ஆராய்ச்சியில் முன் எங்கும் கையாளப்பட்டதாக நான் படித்ததில்லை. எந்தக் குழந்தை எந்தக் கட்டையில் அழும் என்பதற்கு நூலாதாரம் கிடைத்தால் முறை நிலைபெறும்.

தீர்ப்புச் சொல்ல மூன்றாவதாக ஒரு சாட்சி கிடைத்தது. ஆம்ப்ளிஃபையரின் உறுமல். எலெக்ட்ரிக் மாண்டலின் சும்மா இருக்கும்போது ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓர் அடிநாதம் வருமே, அது மின்வாரியத்தின் சுருதி. இந்தியாவில் கரண்ட் நொடிக்கு 50 அலை. உறுமலும் அந்த 50-இலோ அதன் மடங்கிலோ நிற்கும். கேசட்டில் அது 53 காட்டினால் பேட்டரி குற்றவாளி. 50 காட்டினால் விரல் நிரபராதி. தம்பூராவும் பிசகலாம், வித்துவானும் பிசகலாம், அரசாங்கத்தின் ஆதார ஷட்ஜம் பிசகாது என்று இரு கட்சியும் சம்மதித்துக் கையெழுத்துப் போடுகிற நிலைக்கு வந்தார்கள். அப்போது மின்சாரத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் வாயைத் திறந்தார். தென்னக மின்தொடர் அந்தக் காலத்தில் பல நாள் 50-ஐத் தொட்டதே இல்லை. பளு தாங்காமல் 48, 49 என்று நொண்டியது என்றார். அதாவது அன்றைக்கு ராஜ்யமே சுருதி குறைவாகப் பாடியிருக்கிறது. வருஷமும் தேதியும் தெரியாமல் எந்த நாளின் 50 என்று கேட்பது? கையெழுத்துப் போட எடுத்த பேனாவை மூடிவைத்தார்கள்.

ஆல்பம் பற்றிய வாதங்களைச் சுருக்கமாக முடிக்கிறேன். அவற்றில் சாரம் குறைவு. 1995-இல் மைக்கேல் புரூக்கோடு செய்த ‘ட்ரீம்’ வந்தபோது கோட்டுகாலில் அதை ஊதுவத்தி சங்கீதம் என்றார்கள். தவில் இல்லாத ஸ்ரீனிவாஸ் சாம்பார் இல்லாத இட்லி என்பதும் அங்கே எழுந்த விமரிசனமே. பாறசாலையில் அதையே நள்ளிரவில் கேட்கிறவர்கள் உண்டு. ‘ரிமெம்பர் சக்தி’யின் ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ பற்றி இரண்டு ஊரிலும் மரியாதை உண்டு, ஆனால் பரிமாற்றத்துக்கு அதை எடுத்துக்கொண்டு போனால் சிரிப்பார்கள். கடையில் கிடைப்பதை யார் மாற்றிக்கொள்வார்? இருமல் இல்லை, காப்பி இல்லை. ஆராய ஒன்றுமே விட்டுவைக்கவில்லை என்பதுதான் இசைத்தட்டுக் கம்பெனிக்காரர்கள் மீது எனக்கும் உள்ள வருத்தம்.

இந்தத் துறைக்குக் கிட்டத்தட்ட முற்றுப்புள்ளி வைத்திருக்க வேண்டிய நிகழ்ச்சி ஒன்றும் எங்கள் பக்கத்தோடு சம்பந்தப்பட்டது. திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்துக்குச் சரஸ்வதி, பத்மநாபபுரத்திலிருந்து வருஷந்தோறும் இந்த வழியாகத்தான் போகிறாள். ஓர் இரவு நெய்யாற்றின்கரையில் தங்கல். அந்த மண்டபத்தில் 2006 வரை பெண்கள் பாடியதில்லை. வழக்கத்தை உடைத்து முதலில் பாடியவர் பாறசாலை பொன்னம்மாள், வயது எண்பதைத் தாண்டிய பிறகு. அங்கே கைதட்டக் கூடாது என்பது மரபு. எனவே அந்த மண்டபத்துப் பதிவுகளில் பாட்டு முடிந்தால் மௌனம். கைதட்டலின் அளவை வைத்துக் கூட்டத்தைக் கணக்கிட்டு, கூட்டத்தை வைத்து ஊரைக் கண்டுபிடிக்கும் எங்கள் இன்னொரு முறைக்கு அங்கே ஒரு பிடியும் இல்லை. பாறசாலைக்காரர்கள் இதைத் தங்கள் ஊரின் மகத்தான வெற்றியாகக் கருதுகிறார்கள். பொன்னம்மாள் பாடியதையா, துறை அறிஞர்களைத் தோற்கடித்ததையா என்று அவர்கள் பிரித்துச் சொல்வதில்லை.

கோட்டுகால் கேசட்டின் இன்றைய நிலை இது. மழைக்காலத்துப் பூஞ்சை பிடித்து நாடாவில் வெள்ளைப் புள்ளிகள். பதிவு அழியாதிருக்க உடைத்துவிடும் சின்னப் பிளாஸ்டிக் நாக்கின் பள்ளத்தில் யாரோ செலோடேப் ஒட்டியிருக்கிறார்கள். அதன் விளைவாக இரண்டாம் பக்கத்தின் நடுவில், தனி ஆவர்த்தனம் சூடு பிடிக்கும் இடத்தில், கல்யாணி அறுந்து ஒரு சர்ச் கேரல் குழு தொடங்குகிறது. அது எந்தச் சபையின் கேரல், எந்த வருஷத்து டிசம்பர் என்பது தெரிந்தால் கல்யாணிக்குக் கால மேலெல்லை கிடைக்கும். அதற்காகப் பூவார் பக்கத்துப் பாடகர் குழு ஒன்றின் பழைய உறுப்பினர்களோடு பேச்சு நடக்கிறது. அவர்கள் மாற்றாக இரண்டு சஹானா கேட்கிறார்கள்.

இதற்கிடையே வீட்டுப் பையன் ஒருவன் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, சுருதியை அரைக் கட்டை இறக்கிச் சீர்செய்து எல்லார் போனுக்கும் அனுப்பினான். 42 நிமிஷ ஆலாபனை 44½ நிமிஷமாக நீண்டது. விரல் நிதானமானது, காந்தாரம் தெளிந்தது. கேட்ட கோட்டுகால் கட்சி, தங்கள் வாதம் நிரூபணமான அந்த நிமிஷத்திலேயே, பழைய வேகத்தில் திருப்பி அனுப்பச் சொன்னது. பாறசாலை கட்சி மட்டும் புதிய பிரதியைப் பத்திரமாக வைத்துக்கொண்டிருக்கிறது. அதில் டம்ளர் ஓசை கேட்கிறதாம்.